பகாக் காரணி பட்டனுக்காகப் பிடித்துப்போன கால்குலேட்டர்

மகள் இன்ஜினியரிங் முதலாமாண்டு சேர்ந்ததும் சயின்டிஃபிக் கால்குலேட்டர் வேண்டும் என்றாள். வாங்கி ஆறு மாதம் ஆகிறது. சைன், அணி, தொகையீடு எல்லாம் அவள் பாடு. குறை எதுவும் சொன்னதில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கும் எனக்குப் பிடித்தது, எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்துத் தரும் பட்டன். 10 இலக்கம் வரை எடுத்துக்கொள்ளும்.

வாங்கிய அன்று இரவே 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டிப் போட்டேன். 4294967297. கல்லூரி நாளிலிருந்தே இந்த எண்மேல் எனக்குப் பிரியம். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் 1-ஐக் கூட்டினால் வரும் வரிசை இது; இதில் முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்துமே பகா எண்கள். அடுத்ததும் அப்படித்தான் என்று 1640-இல் கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர், இது 641-ஆல் வகுபடும் என்று காட்டினார். காரணி இருந்தால் அது 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும் என்று பின்னால் அவரே நிறுவினார். அந்த வடிவில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவதிலேயே அகப்பட்டுவிடுகிறது!

பட்டனை அழுத்தினேன். திரையில் 641 × (6700417) என்று வந்தது.

"அது என்னம்மா அடைப்புக்குறி?" என்றாள் மகள்.

கூட வந்த தாளைப் பிரித்துப் பார்த்தோம். மூன்று இலக்கப் பகா எண்கள் வரைதான் இந்தக் கருவி வகுத்துப் பார்க்கும். அதற்குமேல் தான் சோதிக்காததை அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுகிறது. எனக்கு இது ரொம்பப் பிடித்தது. தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டவில்லை.

சரி, மிச்சத்தை நாமே முடிப்போம் என்று உட்கார்ந்தோம். 6700417-இன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதுவரை சோதித்தால் போதும். இதன் காரணி எதுவானாலும் 4294967297-க்கும் காரணிதான்; அந்தக் காரணி 128-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்கவேண்டும் என்று 1878-இல் கணிதவியலாளர் லூக்காஸ் இன்னும் இறுக்கிவிட்டார். 2588-க்குள் அப்படி இருக்கும் பகா எண்கள் ஐந்தே ஐந்து: 257, 641, 769, 1153, 1409. முதல் மூன்றையும் கருவியே பார்த்துவிட்டது. மீதி இரண்டையும் மகள் பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் கையால் வகுத்தாள். 1153-க்கு ஈவு 5811, மீதி 334. 1409-க்கு ஈவு 4755, மீதி 622. இரண்டாலும் வகுபடவில்லை, அப்படியானால் 6700417 பகா எண்ணேதான். அவளே பேனாவால் அடைப்புக்குறியை அடித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

குறை ஒன்று உண்டு. இந்த அடைப்புக்குறி விவரம் தாளில் பொடி எழுத்தில், கண்ணாடி போட்டும் தேடிப் பிடிக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. அடைப்புக்குறியைக் கவனிக்காமல் எல்லாமே பகா எண் என்று எழுதிவரும் பிள்ளைகளை டியூஷனில் பார்க்கிறேன். அதனால் ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்: ஐந்துக்கு நான்கு. இதே வரிசையில் அடுத்த எண்ணுக்கு 20 இலக்கம், அது இதில் நுழையாது. 4294967297 நுழைகிறது, எனக்கு அது போதும்.