மலிவு விமான டிக்கெட்: எந்தப் பணம் போகும், எந்தப் பணம் உங்களுக்குத் திரும்ப வரணும்

சென்னை–மதுரை டிக்கெட் 3,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். போக முடியவில்லை, கேன்சல் செய்கிறீர்கள். கணக்கில் வந்து விழுவது 580 ரூபாய். கஸ்டமர் கேரில் கேட்டால் "ரூல்ஸ்ல இருக்கு சார்" என்பார்கள். இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அதே ரூல்ஸில் நமக்குச் சாதகமாக இருப்பதை யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. மலிவு டிக்கெட் லைட், சேவர், ப்ரோமோ என்று எந்தப் பெயரில் வந்தாலும், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் அந்த 3,400-ஐப் பிரித்துப் பாருங்கள். உதாரணத்துக்கு பேஸ் ஃபேரும் (டிக்கெட்டின் அடிப்படை விலை) எரிபொருள் கட்டணமும் சேர்ந்து 2,400, அதற்கு 5 சதவீத ஜிஎஸ்டி 120, ஆன்லைனில் புக் செய்வதற்கான கன்வீனியன்ஸ் ஃபீ 300. மீதி 580 ரூபாய் விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம் போன்றவை. கேன்சல் கட்டணம் என்ற இடத்தில் "3,000 ரூபாய் அல்லது பேஸ் ஃபேரும் எரிபொருள் கட்டணமும், எது குறைவோ அது" என்று எழுதியிருக்கும். டிக்கெட் மலிவாக இருந்தால் அந்தக் 'குறைவு' என்பது இந்த 2,400 முழுவதும்தான். கேன்சல் கட்டணத்துக்கும் ஜிஎஸ்டி உண்டு, அதனால் அந்த 120-ம் பெரும்பாலும் அதிலேயே கழிந்துவிடும். கன்வீனியன்ஸ் ஃபீ திரும்பாது.

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். விமான நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் விதிப்படி, பேஸ் ஃபேரும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகைக்கு மேல் ஒரு பைசாகூட கேன்சல் கட்டணமாக எடுக்கக் கூடாது. விமான நிலையக் கட்டணங்களையும் அரசு வரிகளையும் திருப்பித் தந்தே ஆக வேண்டும். "நான்-ரீஃபண்டபிள்" என்று போட்ட ப்ரோமோ டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். நீங்கள் கேன்சலே செய்யாமல் விமானத்தைத் தவறவிட்டாலும் பொருந்தும். நிறையப் பேர் பணத்தை விடுவது இங்கேதான். நோ-ஷோ ஆகிவிட்டால் எல்லாம் போச்சு என்று நினைத்து இமெயிலை அழித்துவிடுகிறார்கள். பிஎன்ஆர் எண்ணையும் புக்கிங்கில் கொடுத்த இமெயிலையும் வைத்து நிறுவனத்தின் இணையதளத்தில் ரீஃபண்ட் கோரிக்கை போடுங்கள். நான்கு பேர் குடும்பம் என்றால் மேலே சொன்ன கணக்கில் அது 2,320 ரூபாய். பணத்தைத் தராமல், அடுத்த டிக்கெட்டுக்குப் பயன்படும் கிரெடிட் ஷெல்லாக வைத்துக்கொள்ளச் சொன்னால் மறுக்கலாம். ஷெல்லா, பணமா என்று முடிவு செய்வது பயணியின் உரிமை.

தேதி மாற்றுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. மாற்றுக் கட்டணம் 3,000 ரூபாய், புது நாளில் அதே விமானத்துக்குப் புது டிக்கெட் 3,300 என்று வையுங்கள். பழையதைக் கேன்சல் செய்து 580-ஐத் திரும்பப் பெற்று, புதிதாக வாங்கினால் கையிலிருந்து போவது 2,720 தான். 'மாற்று' பட்டனைத் தட்டியிருந்தால் 3,000 போயிருக்கும். புது நாளில் விலை ஏறியிருந்தால் மாற்றுக் கட்டணத்தோடு வித்தியாசத்தையும் கட்ட வேண்டும். குறைந்திருந்தால் பெரும்பாலும் வித்தியாசம் திரும்பாது. இரண்டு வழிக்கும் தொகையைப் போட்டுப் பார்த்துவிட்டே எதையும் தட்டுங்கள்.

புக் செய்த உடனே தப்பு தெரிந்தால் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2016-இல் வந்த விதி: நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் புக் செய்து, பயணத்துக்கு 7 நாளாவது இருந்தால், 24 மணி நேரத்துக்குள் அபராதம் இல்லாமல் கேன்சல் செய்யலாம், மாற்றலாம் என்று இருந்தது. இந்தக் கால அளவுகளை டிஜிசிஏ திருத்துவது உண்டு, அதனால் புக் செய்யும் அன்று நடப்பில் இருப்பதைப் பாருங்கள். பெயரில் எழுத்துப் பிழை இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் சொல்லிவிடுங்கள். நம் ஊரில் இனிஷியலை விரித்து எழுதுவதில்தான் இந்தப் பிழை அதிகம் வருகிறது. வெளிநாட்டுப் பயணம் என்றால் பாஸ்போர்ட்டில் உள்ளதை அப்படியே எழுதுங்கள்.

இந்த வசதிகளில் சிலது பயண ஏஜென்ட் தளங்களில் புக் செய்தால் கிடைக்காது. அங்கே ஏஜென்டின் கேன்சல் கட்டணம் தனியாகச் சேரும். சில ஏஜென்ட்கள் புக்கிங்கில் தங்கள் இமெயிலையே போட்டுவிடுவார்கள். விமான நேரம் மாறிய செய்தி உங்களுக்கு வராது. பிஎன்ஆர் வந்ததும் நிறுவனத் தளத்தில் போய் உங்கள் செல்போன் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து லக்கேஜ். உள்நாட்டு விமானத்தில் பொதுவாக செக்-இன் 15 கிலோ, கேபின் 7 கிலோ. ஆனால் செக்-இன் பையே இல்லாத கட்டணத்தை 2021 பிப்ரவரியில் டிஜிசிஏ அனுமதித்தது. அதோடு ஒரு நிபந்தனையும் போட்டது: பையோடு வந்தால் கவுன்டரில் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை புக்கிங்கின்போதே காட்ட வேண்டும், டிக்கெட்டிலும் அச்சிட வேண்டும். அந்தத் தொகையைத் தேடிப் படியுங்கள். கவுன்டரில் கிலோவுக்கு 500 ரூபாய்க்கு மேல் கேட்பார்கள். ஐந்து கிலோ கூடினால் டிக்கெட் லாபம் முழுவதும் அங்கேயே போய்விடும்.

சென்னை, திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் போகும் பட்ஜெட் விமானங்களில் அடிப்படை டிக்கெட்டுக்கு பெரும்பாலும் செக்-இன் பை கிடையாது. 7 கிலோ கேபின் அளவில் லேப்டாப் பையையும் சேர்த்தே எடை போடும் நிறுவனங்கள் உண்டு. எடை சரியாக இருந்தாலும் பையில் என்ன இருக்கிறது என்பது அடுத்த பிரச்சினை. ஊறுகாய், நெய், நல்லெண்ணெய், இட்லி மாவு எதுவும் 100 மில்லிக்கு மேல் கேபினில் போகாது. பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள், திரும்பிப்போய் செக்-இன் செய்ய அப்போது நேரமும் இருக்காது. அம்மா கட்டிக்கொடுத்தது குப்பைத் தொட்டிக்குப் போவதைப் பார்க்க யாருக்கும் மனசு வராது. இப்படிப் பொருள் கொண்டுபோவதாக இருந்தால் புக் செய்யும்போதே செக்-இன் பைக்கான அனுமதியை வாங்கிவிடுங்கள், அப்போதுதான் விலை குறைவு. போகும் பயணத்துக்கு வாங்கிய பை அனுமதி வரும்போது தானாகச் சேராது, திரும்பும் பயணத்துக்குத் தனியாக வாங்க வேண்டும்.

வெப் செக்-இன் பக்கத்தில் எல்லா சீட்டுக்கும் விலை போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சீட் தேர்வு செய்யாமல் தாண்டிப்போகும் வழி கீழே சின்ன எழுத்தில் இருக்கும், அப்படிப் போனால் ஏதோ ஒரு சீட் இலவசமாகவே கிடைக்கும். 12 வயது வரையுள்ள குழந்தைக்கு அதே பிஎன்ஆரில் உள்ள பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் டிஜிசிஏ உத்தரவு போட்டது. குழந்தையைக் காட்டி சீட் விற்கப் பார்த்தால் இதைச் சொல்லுங்கள். குடும்பம் முழுவதையும் ஒரே பிஎன்ஆரில் போடுங்கள்.

இரண்டு மலிவு டிக்கெட்டுகளைத் தனித்தனியாக வாங்கி இணைப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. திருச்சி–கோலாலம்பூர் ஒரு நிறுவனம், அங்கிருந்து சிட்னி இன்னொன்று என்றால், முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதமானாலும் இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வெறும் நோ-ஷோ. பையும் நேராகப் போகாது. கோலாலம்பூரில் குடியேற்றச் சோதனை தாண்டி, பையை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். மலேசியாவுக்குள் நுழைய அனுமதி இல்லையென்றால் திருச்சியிலேயே ஏற்ற மாட்டார்கள். கோலாலம்பூரில் டெர்மினல் ஒன்றும் இரண்டும் தனித்தனிக் கட்டடங்கள், இடையில் ரயிலிலோ பஸ்ஸிலோ போக வேண்டும். கொஞ்சம் பணம் கூடினாலும் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள்.

தவறு நிறுவனத்துடையது என்றால், மலிவு டிக்கெட்டுக்கும் அதே உரிமைதான். உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். முன்கூட்டிச் சொல்லாமல் விமானத்தையே ரத்து செய்தால், பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் என்று இழப்பீடு உண்டு. ஆனால் இங்கும் "இந்தத் தொகை அல்லது பேஸ் ஃபேரும் எரிபொருள் கட்டணமும், எது குறைவோ அது" என்ற வரி இருப்பதால் 2,400 ரூபாய் டிக்கெட்டுக்கு 2,400 தான் வரும். வானிலை போன்ற காரணங்களுக்கு இழப்பீடு இல்லை.

பணம் வரவில்லையா? கட்டண விவரம் உள்ள ஸ்கிரீன்ஷாட், கேன்சல் செய்த இமெயில் இரண்டையும் வைத்து முதலில் நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள், பதில் இல்லையென்றால் அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியுங்கள். கஸ்டமர் கேர் எண்ணை மட்டும் கூகுளில் தேடாதீர்கள். ரீஃபண்ட் தருகிறோம் என்று செயலி இறக்கச் சொல்லி, ஓடிபி கேட்டு, வங்கிக் கணக்கைத் துடைப்பவர்கள் அந்தத் தேடலில்தான் காத்திருக்கிறார்கள். எண்ணை உங்கள் டிக்கெட் பிடிஎஃப்பிலிருந்தோ நிறுவனத்தின் ஆப்பிலிருந்தோ மட்டும் எடுங்கள்.