மூன்று ஃபேன், ஒரு பம்ப், மூன்றரை வருடம்: என் லிக்விட் கூலர் அனுபவம்

சிபியுவின் சூட்டைத் திரவத்தின் வழியாக வெளியேற்றும் லிக்விட் கூலர் போட்டால் கம்ப்யூட்டர் சத்தமே இல்லாமல் ஓடும் என்று நம்பித்தான் வாங்கினேன். முதல் வாரம் அது போட்ட கூச்சலில் பழைய ஏர் கூலரையே மறுபடி மாட்டிவிடலாமா என்று யோசித்தேன். பிரவுசரில் ஒரு டேப் திறந்தால் போதும், கேபினட்டின் மேல்பக்கம் இருக்கும் மூன்று ஃபேன்களும் ‘ஊஊ’ என்று எகிறும். ஐந்து விநாடியில் அடங்கும். அடுத்த டேப்புக்கு மறுபடி எகிறும். பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டுக்கொண்டே இருப்பது போல.

திரவம் சூடு ஆறும் 360 மி.மீ. ரேடியேட்டர், அதற்குக் காற்றடிக்க 120 மி.மீ. ஃபேன் மூன்று, சிபியு மேல் உட்காரும் பிளாக்கிலேயே திரவத்தைச் சுற்ற வைக்கும் பம்ப். ஆளுக்கு ஆள் வாங்கும் சாதாரண மாடல்தான். மூன்றரை வருடத்தில் கூலரை மாற்றவில்லை. வயர்களைச் செருகிய இடத்தையும் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) உள்ள எண்களையும்தான் மாற்றியிருக்கிறேன். சத்தம் போன விதம் அவ்வளவுதான்.

முதலில் நான் செய்த பெரிய தப்பைச் சொல்லிவிடுகிறேன். என் கூலரின் பம்புக்கு 3 பின் வயர். மதர்போர்டில் பம்புக்கென்றே தனி ஹெடர் (வயர் செருகும் பின்கள்) இருந்தது. ஆனால் கைக்கு எட்டிய கேபினட் ஃபேன் ஹெடரில் அதைச் செருகிவிட்டேன். 3 பின் என்றால் வேகத்தை வோல்டேஜை வைத்துத்தான் கட்டுப்படுத்த முடியும். அந்த ஹெடரோ பயாஸில் ‘சைலன்ட்’ அமைப்பில் இருந்தது. 12 வோல்ட் போக வேண்டிய பம்புக்கு 7 வோல்ட் சொச்சம்தான் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் கனமான வேலை கொடுத்தாலே சிபியு 90 டிகிரியைத் தொட்டுவிடும். சிபியுவுக்கும் பிளாக்குக்கும் நடுவே வெப்பம் கடத்தப் பூசும் பேஸ்ட் சரியில்லை என்று நினைத்து இரண்டு முறை பிளாக்கைக் கழற்றித் துடைத்துப் பூசினேன். பேஸ்ட் பாவம், அதன் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

தற்செயலாக இரண்டு டியூபையும் தொட்டுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஒன்று நன்றாகச் சுட்டது, மற்றது வெதுவெதுப்பாகக்கூட இல்லை. திரவம் நல்ல வேகத்தில் சுற்றினால் இரண்டுக்கும் கையால் உணரும் அளவு வித்தியாசம் இருக்காது. பம்பை அதற்குரிய ஹெடருக்கு மாற்றி முழு வேகத்தில் நிறுத்தினேன். அதே வேலைக்குச் சிபியு 75க்குள் அடங்கியது. அன்றிலிருந்து பம்புக்குக் கர்வ் (வெப்பத்துக்கு ஏற்ப வேகத்தை மாற்றும் அட்டவணை) என்ற பேச்சே கிடையாது. அதன் சத்தம் மூடிய கேபினட்டுக்கு வெளியே கேட்பதும் இல்லை.

பம்ப் சரியானது. பெருமூச்சு மட்டும் நிற்கவில்லை.

காரணம் யோசித்தால் எளிது. நாம் மாற்றாத வரை மதர்போர்டு பொதுவாகச் சிபியு ஃபேன் ஹெடரைச் சிபியு வெப்பத்தோடுதான் கட்டி வைத்திருக்கும். இந்தக் காலச் சிபியு அரை விநாடியில் 25, 30 டிகிரி ஏறி இறங்கும். ஏர் கூலரிலும் இந்தத் தொல்லை உண்டு. ஆனால் லிக்விட் கூலரில் இது அர்த்தமே இல்லாத வேலை, ஏனென்றால் ஃபேன் குளிர்விப்பது சிபியுவை அல்ல, ரேடியேட்டருக்குள் ஓடும் திரவத்தை. ஒரு கிலோ தண்ணீரை 1 டிகிரி சூடேற்ற சுமார் 4.2 கிலோஜூல் வேண்டும். கால் லிட்டர் திரவம் என்று வைத்துக்கொண்டாலே, 100 வாட் வெப்பம் அதை 1 டிகிரி ஏற்றப் பத்து விநாடி ஆகும். ரேடியேட்டரின் உலோகத்தையும் சேர்த்தால் இன்னும் அதிகம். டேப் திறந்த அந்த அரை விநாடியில் திரவத்துக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. ஃபேன்கள்தான் வீணாகப் பதறுகின்றன.

முதலில், வெப்பம் ஏறியதும் ஃபேன் உடனே எகிறாமல் தாமதிக்க வைக்கும் பயாஸ் அமைப்பை அதிகபட்சத்துக்கு ஏற்றினேன். முக்கால் பங்கு எரிச்சல் அதிலேயே போய்விட்டது. வேறு எதுவும் செய்ய மனமில்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு மனம் ஆறவில்லை. சில கூலர்கள் திரவத்தின் வெப்பத்தை யுஎஸ்பி வழியாகச் சொல்லும். என்னுடையதில் அது இல்லை. மதர்போர்டின் ஓரத்தில் இரண்டு பின் உள்ள வெப்ப சென்சார் ஹெடர் ஒன்று இருப்பதைக் கையேட்டில் பார்த்தேன். 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் (வெப்பத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் சென்சார்) வயர் ஒன்றை வாங்கி, அதன் முனையை ரேடியேட்டரில் திரவம் நுழையும் பக்கத் தொட்டியின் மேல் வைத்து, வெப்பம் தாங்கும் டேப்பால் ஒட்டி, மேலே ஒரு துண்டு ஃபோம் வைத்து மூடினேன். உள்ளே இருக்கும் உண்மையான வெப்பத்தைவிடச் சில டிகிரி குறைவாகத்தான் காட்டும். பரவாயில்லை, ஏற்ற இறக்கம் தெரிந்தால் போதும்.

என் பயாஸ் அந்த சென்சாரைக் கர்வுக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்கிறது (எல்லா போர்டிலும் இந்த வசதி இல்லை, வாங்கும் முன் பாருங்கள்). 35 டிகிரி வரை 30 சதவீதம், 40க்கு 50, 45க்கு 75, 50ஐத் தொட்டால் முழு வேகம். 30 சதவீதத்துக்குக் கீழே போகாததற்குக் காரணம், என் ஃபேன்கள் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றுவிடுகின்றன. இப்போது வீடியோ ரெண்டர் போட்டால் ஃபேன் வேகம் நிதானமாகப் பத்து நிமிடம் எடுத்து ஏறும், முடிந்த பிறகு அதே நிதானத்தில் இறங்கும். காது அதைக் கவனிப்பதே இல்லை. ரேடியேட்டர் மேலே இருப்பதால் கிராபிக்ஸ் கார்டின் சூடான காற்றும் அதன் வழியாகத்தான் வெளியே போகிறது. அதனால் கேம் ஆடும்போதும் இதே சென்சார் போதுமானதாக இருக்கிறது. கேபினட் ஃபேன்களையும் இதிலேயே கட்டிவிட்டேன். எல்லாம் பயாஸுக்குள் இருப்பதால் லினக்ஸில் பூட் செய்தாலும் ஒன்றும் மாறாது.

ஒரே ஹெடரில் பல ஃபேன்களைச் செருக உதவும் ஸ்ப்ளிட்டர் வயர் பற்றி ஒரு வார்த்தை. முதல் இரண்டு வருடம் மூன்று ஃபேன்களையும் ஒரே ஸ்ப்ளிட்டரில் சேர்த்துச் சிபியு ஃபேன் ஹெடரில் போட்டிருந்தேன். மின்சாரக் கணக்கில் பிரச்சினை இல்லை: பெரும்பாலான ஹெடர்கள் 1 ஆம்பியர் தரும், என் ஃபேன் ஒன்றுக்கு 0.2தான். ஆனால் ஸ்ப்ளிட்டரில் ஒரே ஒரு ஃபேனின் வேகச் சிக்னல்தான் போர்டுக்குப் போகும். மற்றவற்றின் அந்தப் பின்னை வெட்டியே வைத்திருப்பார்கள். ஒருநாள் தூசி தட்டத் திறந்தால் நடு ஃபேன் ஆடாமல் அசையாமல் நிற்கிறது. எத்தனை மாதமாக நின்றதோ! பயாஸ் மட்டும் ‘எல்லாம் நலம்’ என்று முதல் ஃபேனின் கணக்கையே காட்டிக்கொண்டிருந்தது. இப்போது ரேடியேட்டர் ஃபேன் மூன்றும் மூன்று ஹெடரில். வயர் கொஞ்சம் அலங்கோலம்தான்.

அதில் ஒரு புதுத் தொல்லை வந்தது. ஒரே சதவீதம் கொடுத்தாலும் மூன்றும் பத்து இருபது ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வித்தியாசத்தில் சுற்ற, ‘ஊம்… ஊம்…’ என்று அலை போல ஒரு ரீங்காரம். ஒன்றை 4 சதவீதம் கூட்டியும் மற்றொன்றை 4 குறைத்தும் வைத்தேன். போய்விட்டது.

மூன்றாவது வருடத்திலிருந்து காலையில் ஆன் செய்ததும் சில விநாடி களகளவென்று சத்தம் வருகிறது. டியூப் வழியாகத் திரவம் மெல்ல மெல்ல ஆவியாகி, அந்த இடத்தில் காற்று சேர்வதுதான் காரணம். ரேடியேட்டர் பம்புக்கு மேலே இருப்பதால் காற்று அங்கேயே ஒதுங்கிக்கொள்கிறது. சிபியு வெப்பத்தில் இதுவரை மாற்றம் இல்லை. பம்பின் வேகச் சிக்னலுக்கு மட்டும் பயாஸில் எச்சரிக்கை வைத்திருக்கிறேன். வழக்கமாக 2,700 ஆர்பிஎம் காட்டும், 2,000க்குக் கீழே போனால் பீப் அடிக்கும். இன்னும் அடிக்கவில்லை.