சாட்டிலைட் இன்டர்நெட்டில் மெயில்: சில வருட அனுபவம்

சாட்டிலைட் இணைப்பு என்றதும் எல்லோரும் கேட்பது "ஸ்பீடு எவ்வளவு வருது?" என்பதைத்தான். மெயிலைப் பொறுத்தவரை அது அவ்வளவு முக்கியமான கேள்வி இல்லை. 25 எம்பிபிஎஸ் வந்துகொண்டிருக்கும்போதே அவுட்லுக் "சர்வர் பதில் சொல்லவில்லை" என்று கைவிரித்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸின் மேற்கே, கோபார் ஊரைத் தாண்டி ஒரு பண்ணை வீட்டில். ஃபைபர் இங்கே வராது. மொபைல் சிக்னல் வேண்டுமென்றால் வாசலுக்குப் போக வேண்டும். இந்த மாதிரி இடங்களுக்காகத்தான் 2015-லும் 2016-லும் ஸ்கை மஸ்டர் என்ற இரண்டு செயற்கைக்கோள்களை பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவினார்கள். முதலில் பல வருடம் அந்த வழியில்தான் இருந்தோம். பிறகு பூமிக்கு அருகில் சுற்றும் தாழ்வட்டச் செயற்கைக்கோள் சேவைக்கு மாறினோம். நம்மூர் மொட்டை மாடிகளில் டிடிஎச் தட்டு தெற்கே பார்த்திருக்கும். இங்கே பூமத்திய ரேகைக்கு இந்தப் பக்கம் என்பதால் தட்டு வடக்கே பார்க்கிறது. வந்த புதிதில் திசையே குழம்பியது.

முதல் வகையான ஸ்கை மஸ்டர் நிற்பது 35,786 கிலோமீட்டர் உயரத்தில். நம் கேள்வி மேலே போய்க் கீழே இறங்கி, பதிலும் அதே மாதிரி வந்தால் மொத்தம் அந்த உயரத்தைப் போல் நான்கு மடங்கு தூரம். ஒளியின் வேகத்திலேயே அதற்குக் கிட்டத்தட்ட அரை செகண்ட் ஆகும். மற்றதையும் சேர்த்தால் 600 மில்லிசெகண்டுக்கு மேல் போய்விடும். எந்த பிளான் வாங்கினாலும் இது குறையாது. வீடியோவுக்கு இது பெரிய சிக்கல் இல்லை, தொடங்கிவிட்டால் ஓடும். மெயில் அப்படி இல்லை. சர்வர் பெயரைக் கேட்க ஒரு போய்வரல், இணைப்பைத் திறக்க ஒன்று, டிஎல்எஸ் பாதுகாப்புக்கு ஒன்றிரண்டு, லாகின், ஃபோல்டர், புது மெயில் பட்டியல் என்று ஏழெட்டு முறை போய்வந்த பிறகுதான் முதல் கடிதமே தெரியும். அதுவே ஐந்து செகண்ட். அஞ்சாறு ஃபோல்டர், இரண்டு மூன்று அக்கவுண்ட் என்று வைத்திருந்தால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதிகம் படுத்தியது மெயிலைக் கணினிக்கு இறக்கி எடுக்கும் பாப் (POP) முறைதான். அதில் மெயிலை இறக்கிய பிறகு, இணைப்பை முறையாக முடிக்கும்போதுதான் சர்வர் பழையதை அழிக்கும். பெரிய இணைப்புக் கோப்பு இறங்கும்போது நடுவில் டைம்அவுட் ஆனால் (காத்திருக்கும் நேரம் தீர்ந்து இணைப்பு அறுந்தால்) எதுவும் அழியாது. அடுத்த முறை எல்லாம் மறுபடி முதலிலிருந்து வரும். ஒரே கடிதம் நாலு பிரதியாக வந்து விழும், டேட்டாவும் காலியாகும். அனுப்புவதிலும் இதே கூத்து உண்டு. கடிதம் முழுதும் சர்வருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், "பெற்றுக்கொண்டேன்" என்ற அதன் பதில் மட்டும் வரத் தாமதமாகும். போகவில்லை என்று நினைத்து அவுட்லுக் மறுபடி அனுப்பும். நம் அவுட்பாக்ஸில் கடிதம் அப்படியே நிற்கும், அந்தப் பக்கம் இருப்பவரோ "ஏன் இத்தனை முறை அனுப்புறீங்க?" என்று கேட்பார்.

இதற்கான மருந்து சின்னதுதான். பழைய அவுட்லுக்கில் அக்கவுண்ட் செட்டிங்ஸ் உள்ளே 'சர்வர் டைம்அவுட்' என்று ஒரு பட்டை இருக்கும், வழக்கமாக ஒரு நிமிடத்தில் நிற்கும். அதை ஐந்துக்கு நகர்த்தியதும் பாதித் தொல்லை போனது. ஆன்டிவைரஸ் மெயிலை இடைமறித்துச் சோதிப்பதை நிறுத்தியதும் (கோப்பைத் திறக்கும்போது அது எப்படியும் சோதிக்கும்) இன்னும் கொஞ்சம் போனது. கடைசியில் பாப்பை விட்டுவிட்டு, மெயிலை சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் (IMAP) முறைக்கு மாறி, தலைப்பு மட்டும் முதலில் இறங்கும்படி வைத்தோம். பாப்பில் இருப்பவர்கள் மற்றதெல்லாம் செய்துபார்ப்பதற்கு முன் நேராக இதைச் செய்துவிடலாம். போட்டோ அனுப்புகிறவர்களுக்கு ஒரு விஷயம்: மெயிலுக்குள் போகும் கோப்பு எழுத்தாக மாற்றப்படும்போது மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். 18 எம்பி போட்டோக்கள் 24 எம்பி ஆகும். லிங்க் அனுப்புவது மேல்.

அலுவலக நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பாகப் போகும் வழியான விபிஎன் தனிக் கதை. தூரத்தின் தாமதத்தைச் சமாளிக்க, சாட்டிலைட் மோடமே சர்வர் சார்பில் "வந்துவிட்டது, அடுத்ததை அனுப்பு" என்று கணினிக்கு முன்கூட்டியே பதில் சொல்லும். விபிஎன் போட்டால் எல்லாம் பூட்டிய பெட்டிக்குள் போய்விடும், மோடத்தால் எதையும் பார்க்க முடியாது. அந்த உதவி நின்றதும் வேகம் தரைதட்டிவிடும். மெயிலுக்காக மட்டும் விபிஎன் போடுகிறீர்கள் என்றால், வெப்மெயில் தருவார்களா என்று ஐடி ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் வானத்துப் பிரச்சினை. ஆனால் எங்கள் வீட்டில் வந்த புகார்களில் பாதிக்கு மேல் வீட்டுக்குள்ளேயே பிறந்தவை. சுவரும் கூரையும் தகரம். இரண்டு தகரத் தடுப்பைத் தாண்டுவதற்குள் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை செத்துவிடும், 2.4 தட்டுத்தடுமாறி வரும். அதனால் நெட் போனது என்று யார் சொன்னாலும் முதலில் கணினியிலிருந்து ரவுட்டருக்கு பிங் (போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது என்ற சோதனை) போட்டுப் பார்ப்போம். மூன்று நான்கு மில்லிசெகண்டில் பதில் வந்தால் வீடு சுத்தம். அங்கேயே 200 வந்தாலோ பாக்கெட் தொலைந்தாலோ வானத்தைத் திட்டிப் பயனில்லை, கேபிள் இழுக்க வேண்டும். நாங்கள் இழுத்தோம். அதற்கு முன் வாங்கிய வைஃபை எக்ஸ்டெண்டர் இன்னொரு ரவுட்டராக வேலை செய்து தனியாக ஐபி முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு அறையிலிருந்து பிரிண்டர் தெரியும், அடுத்த அறையிலிருந்து தெரியாது. அதை, சிக்னலை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றியதும் சரியானது. இன்னொரு திருடன், போன்களின் போட்டோ பேக்கப். 5 எம்பிபிஎஸ் அப்லோடு முழுவதையும் அது பிடித்துக்கொண்டால் டவுன்லோடும் சேர்ந்து திணறும். இப்போது அது இரவில் மட்டும்தான் ஓடுகிறது.

மழை வந்தால் ஸ்கை மஸ்டர் பயன்படுத்தும் கேஏ (Ka) அலைவரிசை தடுமாறும், அது தெரிந்ததுதான். ஆனால் நம் தலைக்கு மேல் நீல வானம் இருக்கும்போதே இணைப்பு போவதும் உண்டு. தொலைவில் இருக்கும் தரை நிலையத்தின் மேல் கனமழை பெய்தாலும் போதும். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிச் சில நாள், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் சில நிமிடங்களும் இப்படித்தான்.

தாழ்வட்டச் சேவைக்கு மாறியதும் தாமதப் பிரச்சினை தீர்ந்தது. அவை பறப்பது சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில், பிங் 50 மில்லிசெகண்டைச் சுற்றியே நிற்கிறது. விபிஎன் எழுந்து ஓடுகிறது. அதே சமயம் புதுத் தொல்லைகளும் வந்தன. இணையத்தில் நம் வீட்டைக் காட்டும் ஐபிவி4 முகவரி நமக்கென்று தனியாகக் கிடையாது, பல வீடுகள் ஒன்றைப் பகிர்கின்றன. அதனால் வெளியூரிலிருந்து வீட்டு கேமராவைப் பார்க்க, வெளியிலிருந்து வருவதை வீட்டுக் கருவிக்குத் திருப்பும் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது. எங்கள் பழைய மெயில் அக்கவுண்ட் ஒரு சின்ன ஹோஸ்டிங் கம்பெனியில் இருக்கிறது. அந்த சர்வர் ஒருநாள் எங்களைத் தடை செய்துவிட்டது. அதே முகவரியில் வேறு யாரோ தவறான பாஸ்வேர்டைத் தட்டிக்கொண்டே இருந்ததாக ஹோஸ்டிங்காரர்களின் லாகில் இருந்தது. போன் ஹாட்ஸ்பாட்டில் மெயில் வந்து, வீட்டு இணைப்பில் மட்டும் வரவில்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள். சிட்னியிலிருந்து யாரோ லாகின் செய்ததாக எச்சரிக்கை வந்தாலும் உடனே பதற வேண்டாம், பகிர்ந்த முகவரி சிட்னியைக் காட்டுவதால் அது நாமாகவே இருக்கலாம். நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தட்டுக்கு எதிரே ஒரு யூகலிப்டஸ் மரம். கிளை மறைக்கும்போதெல்லாம் ஓரிரு செகண்ட் அறுந்தது. பிரவுசரில் தெரியவே தெரியாது. ஆனால் ஐமேப் இணைப்பு சத்தமில்லாமல் செத்துப்போய், போனில் புது மெயில் அறிவிப்பு அரை மணி தாமதமாக வரும். தட்டைக் கூரைக்கு ஏற்றிய பிறகு நின்றது. ஸ்கேனரிலிருந்து நேராக மெயில் அனுப்புவது மட்டும் இன்னும் நடக்கவில்லை. சாட்டிலைட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மெயில் சர்வர் கேட்கும் டிஎல்எஸ் 1.2 பாதுகாப்பு முறை அந்தப் பழைய மெஷினுக்குத் தெரியாது.

மெயிலும் செய்தியும் போதும் என்பவர்கள் பழைய சேவையிலேயே ஐமேப்பும் நீண்ட டைம்அவுட்டுமாக ஓட்டிவிடலாம். வீட்டிலிருந்து அலுவலக வேலை, வீடியோ மீட்டிங் என்றால் மாறத்தான் வேண்டும். எந்தச் சேவையானாலும், ஹெல்ப்லைனுக்கு போன் செய்யும் முன் கேபிளில் இணைத்த கணினியிலிருந்து ரவுட்டருக்கும் வெளி முகவரி ஒன்றுக்கும் பிங் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெயில் புரோகிராம் காட்டும் பிழைச் செய்தியையும் வரி மாறாமல் எழுதி வையுங்கள். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்ற முதல் கால் மணி நேரம் அதனால் மிச்சமாகும்.