மறுக்கத் தெரிந்த கணக்கு: ஏழு ஆண்டு தரவுத்தள அனுபவம்

உதிரிபாகங்களை மொத்தமாக விற்கும் வணிகம் எங்களுடையது. ஏழு ஆண்டுகளுக்கு முன்புவரை இருப்பு, பில், வாடிக்கையாளர் பாக்கி எல்லாமே எக்செல் கோப்புகளில் இருந்தன. ‘இருப்பு இறுதி’, ‘இருப்பு இறுதி புதியது’, ‘இதுதான் சரி’ என்று கோப்புகள் குட்டி போட்டுக்கொண்டே இருந்தன. ஒரு எக்செல் தாள் 10,48,576 வரிசைகள் கொள்ளும். அந்த எல்லையின் பக்கம்கூட நாங்கள் போகவில்லை. இடம் போதாமல் மாறவில்லை. எந்தக் கோப்பை நம்புவது என்று தெரியாமல்தான் மாறினோம்.

உரிமக் கட்டணம் இல்லை என்பதால் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளுக்கு வந்தோம். பழைய விவரங்களை ஏற்றத் தொடங்கியதுமே அது மறுக்க ஆரம்பித்தது. ஒரே எண்ணில் இரண்டு பில்கள் இருக்கின்றன, முடியாது. பொருள் பட்டியலிலேயே இல்லாத பொருளுக்கு விற்பனை காட்டுகிறது, முடியாது. மூன்று வாரம் திட்டிக்கொண்டே திருத்தினேன். அத்தனையும் எங்கள் பிழைகள். எக்செல் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

ஒருநாள் பில் போடும் நடுவில் மின்சாரம் போனது. ஒரு பில் என்றால் மூன்று வேலைகள்: பில்லைப் பதிய வேண்டும், இருப்பைக் குறைக்க வேண்டும், பாக்கியில் சேர்க்க வேண்டும். முன்பெல்லாம் இருப்பு குறைந்திருக்கும், பில் இருக்காது. மாதக் கடைசியில் தலையைப் பிய்த்துக்கொள்வோம். இப்போது மூன்றும் ஒரே பரிவர்த்தனை: நடந்தால் மூன்றும் நடக்கும், இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. கணினி உயிர்பெற்றதும் பார்த்தேன்: பில்லும் இல்லை, இருப்பும் குறையவில்லை, பாக்கியும் ஏறவில்லை. மறுபடி பில் போட்டோம், அவ்வளவுதான். கடைசியாக மீந்த ஒரு பெட்டியை இரண்டு விற்பனையாளர்கள் இரண்டு பேருக்கு விற்றுவிடும் கூத்தும் நின்றது. இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்ற ஒற்றை விதி போதுமானதாக இருந்தது.

அறிக்கைகளின் வேகத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தேதிக்கு ஓர் இண்டெக்ஸ் (புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி) போட்டோம், வேகமாக வருகிறது. கொள்முதல் விலையை விற்பனையாளர் கண்ணில் படாமல் வைக்க முடிந்ததுதான் எனக்குப் பெரிய நிம்மதி.

ஒரு விவரம் ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற ஒழுங்கு, கணினி அறிஞர் எட்கர் காட் 1970-இல் முன்வைத்த தொடர்புசார் மாதிரியிலிருந்து, அதாவது விவரங்களை ஒன்றோடொன்று இணையும் அட்டவணைகளாக வைக்கும் முறையிலிருந்து, வளர்ந்தது. அதை அளவுக்கு மீறி நம்பி நாங்கள் அடிபட்டோம். பில்லில் விலையை எழுதாமல் பொருள் பட்டியலின் விலையையே இணைத்திருந்தோம். விலையை ஏற்றிய அன்று, பழைய பில்களின் தொகையும் சேர்ந்து ஏறிவிட்டது! விற்ற அன்றைய விலையும் இன்றைய விலையும் வேறு வேறு விவரங்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் ஆண்டில் என் கைவரிசை. ஒரு வாடிக்கையாளரின் கடன் வரம்பை மாற்றப் போனவன், கட்டளையில் ‘வேர்’ (WHERE) நிபந்தனையை, அதாவது யாருக்கு மட்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லும் பகுதியை, விட்டுவிட்டேன். அது இல்லாத கட்டளை எல்லோருடைய வரம்பையும் ஒன்றாக்கிவிட்டது. கேட்டதை போஸ்ட்கிரெஸ் மறுக்கவில்லை. இலக்கணப்படி கட்டளை சரிதானே. முந்தைய இரவின் காப்புநகலைத் தனியாக ஏற்றி, அந்த ஒரு நெடுவரிசையை மட்டும் மீட்டேன்.

ஒருவர் மட்டும் கணக்கு எழுதும் சிறு வணிகத்துக்கு எக்செல் போதும் என்றே சொல்வேன். மென்பொருள் இலவசம், அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள் இலவசமில்லை. எங்களிடம் அந்த ஆள் நான்தான். மாதம் ஒருமுறை காப்புநகலை வேறு கணினியில் ஏற்றி, கடைசி பில்லின் எண்ணைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.