குரூப் 2 பயிற்சி மையத்தில் 38,000 ரூபாய் போச்சு: டெல்டா பக்கம் படிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

38,000 ரூபாய். அதைத் தர முடியாது என்று இன்று மதியம் முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கை இன்னும் நடுங்குகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் "போனது போகட்டும், விடும்மா" என்று வீட்டில் என்னைச் சமாதானப்படுத்திவிடுவார்கள். நல்ல பயிற்சி மையத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

மையத்தின் பெயரை இங்கே போடப்போவதில்லை. எங்கள் பக்கத்து டவுன் ஒன்றில், கடைகளுக்கு மேலே மாடியில் நடக்கும் டிஎன்பிஎஸ்சி பயிற்சி மையம். அவ்வளவு போதும். நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கப்போகும் மனுவில் பெயர், முகவரி எல்லாம் இருக்கும்.

எனக்கு நீடாமங்கலம் பக்கம். பி.ஏ. தமிழ். குரூப் 2 முதல்நிலைத் தேர்வில் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் பொதுத்தமிழ் 100 கேள்வி, அதை நான் பார்த்துக்கொள்வேன். பொது அறிவு 75, அதையும் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி ஏற்றிக்கொள்ளலாம். மிச்சம் இருக்கும் திறனறிவுக் கணக்கு 25 கேள்விதான் எனக்குக் கண்டம். தனிவட்டி, கூட்டுவட்டி, ஆள் வேலை நாள் கணக்கு என்றாலே கை ஓடாது. பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டவள். அந்த 25 கேள்விக்காகத்தான் பயிற்சி மையத்தையே தேடினேன். சேரும்போதே இதை அவர்களிடம் தெளிவாகச் சொன்னேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் மாசியில், சம்பா அறுவடை முடிந்த கையோடு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மாடிப்படி முழுக்க பிளக்ஸ், தேறியவர்களின் படம். உள்ளே போனதும் உரிமையாளர் எழுந்து நின்று, "வாங்கய்யா, உட்காருங்கய்யா" என்று அப்பாவுக்குத் தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். டீ சொன்னார். என்னைப் பற்றி அவர் முதலில் கேட்கவே இல்லை. "எவ்வளவு நெலம்யா? ஆத்துப் பாசனமா, போர் செட்டா? கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் பதினேழுக்கு மேலன்னு திருப்பி அனுப்புறானுங்களா?" என்று அப்பாவோடு விவசாயம் பேசினார். தன் அப்பாவும் விவசாயிதான், மேட்டூரில் தண்ணி திறக்காத வருஷம் குறுவை போய் வட்டிக்கு வாங்கித்தான் தன்னைப் படிக்கவைத்தார் என்றார். அப்பா அப்படியே உருகிவிட்டார். அரசு அலுவலகம், வங்கி, கொள்முதல் நிலையம் என்று எங்கே போனாலும் நின்றுகொண்டே பேசிப் பழகிய மனுஷன் அவர். அவரை உட்காரவைத்து, 'ஐயா' போட்டு, டீ கொடுத்துப் பேசினால் எப்படி நம்பாமல் இருப்பார்?

அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். "பாப்பாவுக்குக் கணக்குதானே பிரச்சினை? ரயில்வே தேர்வுக்கெல்லாம் எடுக்கிற சார் இருக்காரு. மூணு மாசத்துல உங்க பொண்ணு மனக்கணக்காப் போடும். இனிமே அது உங்க பொண்ணு இல்லய்யா, எங்க பொண்ணு." அச்சடித்த நோட்டீஸ் ஒன்றை எடுத்து வைத்தார். 'முதல்நிலைத் தேர்ச்சி இல்லையேல் கட்டணம் முழுவதும் வாபஸ்' என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. அந்த வரிக்கு அடியில் பேனாவால் கோடு வேறு போட்டுக் காட்டினார். அந்த நோட்டீஸ் இப்போதும் என்னிடம் இருக்கிறது, அவர் போட்ட கோட்டோடு.

38,000 ரூபாய் என்றால் டவுனில் இருப்பவர்களுக்கு என்னவென்று தோன்றும் தெரியவில்லை. அந்த 2024-25 சீசனில் சன்ன ரகத்துக்கு ஊக்கத்தொகையும் சேர்த்து குவிண்டாலுக்கு 2,450 ரூபாய். 40 கிலோ மூட்டைக்கு 980. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 39 மூட்டை நெல். பனியில் களத்தில் படுத்துக் காவல் காத்து, காயவைத்து, தூற்றி, எடை போட்டுக் கொடுத்த நெல். 20,000 ரொக்கமாகக் கொடுத்தோம். மீதி 18,000 ரூபாயை உரிமையாளரின் மனைவி பெயரில் இருந்த கணக்குக்கு ஜிபேயில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினோம். கொடுத்த ரசீது கையகலத் துண்டுச்சீட்டு. அதன் பின்பக்கம் மங்கலாக ஒரு ரப்பர் ஸ்டாம்ப்: 'எக்காரணம் கொண்டும் கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது'. முன்னால் நோட்டீஸில் வாபஸ், பின்னால் ரசீதில் கிடையாது. இரண்டும் ஒரே மேசையிலிருந்து வந்தவை.

வகுப்பைப் பற்றி நிறைய எழுதலாம். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கணக்கு சார் முதலில் கொஞ்ச நாள் வந்தார், நன்றாகவே எடுத்தார். சித்திரைக்குப் பிறகு ஆளைக் காணவில்லை. சம்பளப் பாக்கி என்று பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கணக்கு வகுப்பு என்பது ஒரு பையன் வந்து பழைய வினாத்தாளின் விடைகளை வாசிப்பது. அவனும் எங்களைப் போலத் தேர்வுக்குப் படிக்கிறவன்தான். வழிமுறை கேட்டால், "ஆப்ஷன் சி தான் அக்கா, குறிச்சுக்கங்க" என்பான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, நிற்கவைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

குறிப்பு என்று கொடுத்தது ஜெராக்ஸ் கட்டு. அதில் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்று இருந்தது! 38 ஆகி வருஷக்கணக்காகிறது. அந்த 38ஆவது மாவட்டம் எங்கேயோ இல்லை, நாகப்பட்டினத்திலிருந்து 2020ல் பிரித்த மயிலாடுதுறை. எங்கள் வகுப்பிலேயே மயிலாடுதுறைக்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள். "எங்க மாவட்டமே இதுல இல்லையே சார்" என்றதற்கு, "அதையெல்லாம் கையால திருத்திக்கம்மா" என்றார்கள். திட்டக் குழுவுக்கு முழுப் பாடம் இருந்தது, அதற்குப் பதிலாக 2015ல் வந்த நிதி ஆயோக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் 2020ல் வந்தது நம் டெல்டாவுக்காகவே. அதுவும் இல்லை. பள்ளிப் பாடநூல்கள் மாறுவதற்கு முன்னால் இருந்த பழைய புத்தகத்தை யாரோ தட்டச்சு செய்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் புதுப் பாடநூல்களை அரசே இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது.

இன்னொன்று, இதுதான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள், தெரியாததற்கெல்லாம் 'விடை தெரியவில்லை' என்பதற்கான 'இ' (E) வட்டத்தை நிரப்பிவிடுங்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்கு குறைப்பது யுபிஎஸ்சி முதல்நிலையில். டிஎன்பிஎஸ்சியில் தவறான விடைக்குக் கழிவு கிடையாது. நான் அறிவிக்கையை முழுக்கப் படித்ததால் எனக்குத் தெரியும், எழுந்து சொல்லவும் செய்தேன். ஆனால் சாரின் பேச்சைத்தானே பிள்ளைகள் நம்பும்? என் பக்கத்தில் உட்காரும் தங்கை, இரண்டு விடைகளுக்குள் சந்தேகம் இருந்த கேள்விகளில்கூட 'இ' போட்டுவிட்டு வந்தாள். தேர்வு முடிந்து வெளியே வந்து அதைச் சொல்லி அழுதாள்.

நானும் தேறவில்லை. தேர்வாணையம் வெளியிட்ட விடைக்குறிப்பை வைத்துப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தேன். தமிழ் கை கொடுத்தது. பொது அறிவு சுமார். கணக்கில் பாதிக்கு மேல் போச்சு. எதற்காகப் பணம் கட்டினேனோ அதே இடம். தோல்வியை நான் தாங்கிக்கொள்வேன். எங்கே விட்டேன் என்று தெரிந்துவிட்டது, அடுத்த முறை பார்த்துக்கொள்வேன். ஆனால் தேர்வில் தோற்றது வேறு, இந்த 38,000 ரூபாய் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி என் தலையில் வைக்கிறார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

முடிவு வந்ததும் நோட்டீஸை எடுத்துக்கொண்டு போனேன். "மெயின்ஸ் பேட்ச் வேலை ஓடுதும்மா, அப்புறம் வா." அடுத்து போனால் "சார் சென்னை போயிருக்காரு". போன் செய்தால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. பிறகு "பொங்கல் கழிச்சு வாங்க". அதற்கு நடுவில் மாணவர் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். இன்னும் 10,000 மட்டும் கட்டினால் அடுத்த பேட்சில் சேர்த்துக்கொள்கிறோம் என்று அலுவலகப் பெண் சலுகை சொன்னாள். ஒரு நாள் படியில் வழிமறித்த ஆள் ஒருவர், குரலைத் தாழ்த்தி, "குரூப் 4னா உள்ள ஆள் இருக்கு, கொஞ்சம் செலவாகும்" என்றார். 2019 குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் மறையும் மையை வைத்து நடந்த மோசடியில் 99 பேருக்கு வாழ்நாள் தடை போட்டார்கள். அந்தக் குழிக்குத்தான் கூப்பிடுகிறார்!

இன்று அப்பாவும் வந்தார். புதிதாகச் சேர வந்த இரண்டு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர்கள் முன்னால் உரிமையாளர் என்னைப் பார்த்து, "80 மாதிரித் தேர்வு எழுதினவங்களுக்குத்தான் வாபஸ். உழைக்காம பணத்தைக் கேட்டா எப்படிம்மா?" என்றார். அந்த நிபந்தனை நோட்டீஸில் இல்லை. மையம் மொத்தமாக நடத்தியதே அதில் பாதி வராது. அப்பா நோட்டீஸை நீட்டி, "நீங்கதானே சார் கோடு போட்டுக் காமிச்சீங்க" என்றார். "பெரியவரே, இங்க கத்தாதீங்க, வெளியே போங்க." மாசியில் ஐயா, இன்று பெரியவரே. அப்பா கத்தவே இல்லை. அவருக்குக் கத்தத் தெரியாது.

இவர்களின் வியாபாரமே இதில்தான் ஓடுகிறது. தேறியவன் படம் பிளக்ஸில் ஏறும். தேறாதவன் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வான், 'நாமதான் சரியாப் படிக்கல' என்று பணத்தைக் கேட்கவே மாட்டான். எங்கள் பேட்சில் எத்தனை பேர் நோட்டீஸை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள் என்று நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. தேறியவர்கள் படமும் உண்மையில்லை. அதில் இருந்த ஓர் அக்காவை நூலகத்தில் பார்த்தேன். காசு கட்டி ஒரே ஒரு மாதிரித் தேர்வு அங்கே எழுதினாராம், வகுப்புக்குப் போனதே இல்லையாம். படம் போட யாரும் அவரைக் கேட்கவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மைய விளம்பரங்களுக்கென்றே நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. தேறியவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் படம் போடக்கூடாது, அவர் எந்த வகுப்பில் சேர்ந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

மையத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது முடியவில்லை, மனு எழுத உட்கார வேண்டும். இவ்வளவு மட்டும்: மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டாதீர்கள். தனிநபர் கணக்குக்கு அனுப்பாதீர்கள். ரசீதைப் பின்பக்கமும் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள். நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் வகுப்பு இலவசம், முதலில் அங்கே போய்ப் பாருங்கள். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் போகலாம், பிரச்சினை நடந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும்.

எங்கள் பேட்சில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் நோட்டீஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என் எண் உங்களிடம் இருக்கிறது, கூப்பிடுங்கள், சேர்ந்தே மனு கொடுப்போம். புதுசாகச் சேர இன்று அங்கே உட்கார்ந்திருந்த அந்த இரண்டு குடும்பமும் இன்னும் பணம் கட்டியிருக்காது என்று நம்புகிறேன். உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால் இதை இப்போதே அனுப்பிவிடுங்கள்.