கடன் நோட்டுச் செயலியை எதில் தொடங்குவது? ஆண்ட்ராய்டும் ஐஓஎஸும்: ஓர் ஒப்பீடு

மளிகைக்கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் கடன் நோட்டைக் கைப்பேசிச் செயலியாக மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளரின் பெயர், தொகை, தேதி, இரவு 8 மணிக்கு ஒரு நினைவூட்டல். இதற்கு மேல் அதில் ஒன்றும் தேவையில்லை. இத்தனை சிறிய செயலியை ஆண்ட்ராய்டுக்கு எழுதும்போதும் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸுக்கு எழுதும்போதும் பாதைகள் எங்கெங்கே பிரிகின்றன என்று பார்த்தாலே, முதன்முதலாகச் செயலி எழுத வருபவர் எதில் தொடங்கலாம் என்ற கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்துவிடும்.

இரண்டு இயங்குதளங்களின் பிறப்பையும் சுருக்கமாகவேனும் அறிந்துகொள்ள வேண்டும். பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. ஆண்ட்ராய்டு என்பது 2003இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் ஆண்டி ரூபினும் வேறு மூவரும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். 2005இல் கூகுள் அதை வாங்கியது. 2008இல் எச்டிசி ட்ரீம் என்ற முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி விற்பனைக்கு வந்தது. லினக்ஸ் கெர்னல் என்னும் மையப்பகுதியின் மேல் கட்டப்பட்ட அதன் மூலநிரலை எந்த நிறுவனமும் எடுத்துத் தன் கைப்பேசிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்பதால்தான் அது விலை குறைந்த கைப்பேசிகள் வரை பரவியது. ஒரே செயலி ஒவ்வொரு நிறுவனத்தின் கைப்பேசியிலும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்வதற்கும் அதுவே காரணம். ஐபோனுக்கு 2007இல் வந்த இயங்குதளம், ஆப்பிளின் மேக் கணினிகளில் ஓடும் இயங்குதளத்திலிருந்தே பிரிந்தது. கருவியையும் மென்பொருளையும் ஒரே நிறுவனம் செய்வதால் அங்கே வேறுபாடுகள் குறைவு, கட்டுப்பாடுகள் அதிகம். ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்திலிருந்து வந்த பழைய நிரல் நூலகங்களின் பெயர்களில் 'என்எஸ்' என்ற முன்னொட்டு இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பதை ஐஓஎஸ் நிரலில் காணலாம்.

முதல் தடை மேசையின் மேலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருள் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். 8 ஜிபி ரேம் என்பது அதன் குறைந்தபட்சத் தேவை. எமுலேட்டர் என்னும் போலிக் கைப்பேசியையும் கணினிக்குள் ஓட்டுவதென்றால் 16 ஜிபி இல்லாமல் பொறுமை தாங்காது. ஆனால் எமுலேட்டர் கட்டாயமில்லை. கையில் இருக்கும் கைப்பேசியின் செட்டிங்ஸில் 'பில்டு நம்பர்' என்ற வரியை 7 முறை தட்டினால் டெவலப்பர் வசதிகள் திறந்துகொள்ளும். யுஎஸ்பி கம்பியில் இணைத்துச் செயலியை அதிலேயே ஓட்டிப் பார்க்கலாம். ஐஓஎஸுக்கு ஆப்பிளின் எக்ஸ்கோடு என்ற மென்பொருள் வேண்டும், எக்ஸ்கோடுக்கு மேக் வேண்டும். கட்டணம் செலுத்தாத ஆப்பிள் கணக்கைக்கொண்டு சொந்த ஐபோனில் செயலியை நிறுவிப் பார்க்க வழி உண்டு என்றாலும், அப்படி நிறுவியது 7 நாளில் காலாவதியாகிவிடும். கடைக்காரரிடம் கொடுத்து ஒரு மாதம் பயன்படுத்திப் பார்க்கச் சொல்ல அது உதவாது.

மொழியில் அவ்வளவு பெரிய இடைவெளி இல்லை. ஆண்ட்ராய்டுக்கு இன்று கோட்லின். ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனம் உருவாக்கிய இம்மொழிக்கு 2017இல் கூகுள் ஆதரவு அறிவித்து, 2019 முதல் ஜாவாவைவிட முன்னுரிமை கொடுத்துவருகிறது. ஐஓஎஸுக்கு 2014இல் ஆப்பிள் வெளியிட்ட ஸ்விஃப்ட். ஒன்றைக் கற்றவருக்கு மற்றொன்றைப் படிப்பது அண்டை மாவட்டத்தின் பேச்சைக் கேட்பதுபோல்தான் இருக்கும். திரையைக் கட்டும் முறையும் ஒன்றுபோலவே ஆகிவிட்டது. ஆண்ட்ராய்டின் ஜெட்பேக் கம்போஸ், ஐஓஎஸின் ஸ்விஃப்ட்யுஐ இரண்டிலும் 'இந்த நிலையில் திரை இப்படி இருக்க வேண்டும்' என்று எழுதிவிட்டால், தொகை மாறும்போது திரை தானாக மாறிக்கொள்ளும்.

இருப்பினும் இங்கே இரண்டு வேறுபாடுகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கம்போஸ் செயலியோடு சேர்த்தே கட்டப்பட்டுப் பயனரிடம் போகிறது. ஆகவே இந்த ஆண்டு வந்த புது வசதி பல ஆண்டுகள் பழைய ஆண்ட்ராய்டிலும் வேலை செய்யும். ஸ்விஃப்ட்யுஐயோ இயங்குதளத்தோடு வருகிறது. புது வசதி வேண்டுமானால் பயனரின் ஐபோன் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ்ஸுக்கும் 2024இன் ஐஓஎஸ் 18 கிடைத்தது என்பதை நினைத்தால், நடைமுறையில் இது பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. இரண்டாவது, புதியவர்களைக் குழப்புவது. ஆண்ட்ராய்டில் கைப்பேசியைக் கிடைமட்டமாகத் திருப்பினால், இயல்பான அமைப்பில், ஆக்டிவிட்டி எனப்படும் திரைப்பகுதி அழிக்கப்பட்டு மீண்டும் உருவாக்கப்படும். கடைக்காரர் பாதி தட்டிய தொகை அத்தோடு மறைந்துபோகும். அதைக் காப்பாற்ற, திரை அழிந்தாலும் நிலைத்திருக்கும் வியூமாடல் என்ற பகுதியிலோ, சேமித்து மீட்கும் நிலையிலோ வைக்க வேண்டும் என்பதை எல்லாரும் ஒருமுறை பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். ஐஓஎஸில் திருப்பினால் திரையின் அளவு மட்டுமே மாறும்.

பெயர்களைத் தமிழில் எழுதத் தொடங்கியதும் ஒப்பீடு சுவையாகிறது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கோட்லினிடம் கேட்டால் 5 என்னும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகியவற்றைத் தனித்தனியாக எண்ணுகிறது. ஸ்விஃப்டிடம் கேட்டால் 3 என்னும். த, மி, ழ் என்று நாம் பள்ளியில் எண்ணியவாறே எண்ணுகிறது. பெயரின் முதல் எழுத்தை வட்டத்துக்குள் காட்ட நினைத்தால், 'மீனா'வுக்குக் கோட்லினில் வெறும் 'ம' வந்து நிற்கும். பிரேக்இட்டரேட்டர் என்ற கருவியைக்கொண்டு எழுத்து எல்லையைக் கண்டுபிடித்தால்தான் 'மீ' கிடைக்கும். இந்த ஒரு விஷயத்தில் ஸ்விஃப்டை வடிவமைத்தவர்களுக்குத் தாராளமாக நன்றி சொல்லலாம்.

அகரவரிசையில் மட்டும் இரண்டும் ஒரே தவற்றைச் செய்கின்றன. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு அட்டவணையில் 'ன' என்ற எழுத்து 'ந'வுக்கு அடுத்து வைக்கப்பட்டிருப்பதால், எண்மதிப்பை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் கனகா முன்னும் கமலா பின்னும் வருவார்கள். நம் அகராதி வரிசையில் னகரம் கடைசி எழுத்து என்பதால் கமலாதான் முதலில் வர வேண்டும். ஆண்ட்ராய்டின் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் 'லோக்கலைஸ்டு' என்ற வரிசைமுறையைக் கேட்டுப் பெறலாம். ஐஓஎஸில் உள்ளூர் மொழி ஒப்பீட்டுச் சார்பைப் பயன்படுத்தலாம். இரண்டிலும் கேட்டால்தான் கிடைக்கும்.

இரவு 8 மணி நினைவூட்டல்தான் ஆண்ட்ராய்டில் உண்மையான தலைவலி. பின்னணி வேலைகளைக் கவனிக்கும் ஒர்க்மேனேஜர் மூலம் வேலையை ஒப்படைத்தால், கைப்பேசி உறக்கத்தில் இருக்கும்போது அது தள்ளிப்போகலாம். குறித்த நேரத்தில் ஒலிக்க வேண்டுமென்றால் துல்லிய அலாரத்துக்கான அனுமதி வேண்டும். ஆண்ட்ராய்டு 12இல் வந்த இந்த அனுமதி, ஆண்ட்ராய்டு 14இல் புதிதாக நிறுவப்படும் பெரும்பாலான செயலிகளுக்கு இயல்பாகவே மறுக்கப்பட்டிருக்கிறது. அறிவிப்பு காட்டவும் ஆண்ட்ராய்டு 13 முதல் தனியே அனுமதி கேட்க வேண்டும். இத்தனையும் சரியாகச் செய்த பிறகும், பேட்டரியைச் சேமிப்பதாகச் சொல்லிச் சில நிறுவனங்கள் தம் கைப்பேசிகளில் சேர்த்திருக்கும் வசதி செயலியை முடக்கிப்போடும். நான் எழுதிய ஒரு நினைவூட்டல் ஒரு கைப்பேசியில் தவறாமல் ஒலிக்க, மற்றொன்றில் மறுநாள் காலை செயலியைத் திறந்த பிறகே வந்து சேர்ந்தது. ஐஓஎஸில் பயனர் ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால், நேரத்தை இயங்குதளத்திடம் ஒப்படைத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாம். செயலி ஓடாவிட்டாலும் அறிவிப்பு வரும். ஒரு செயலிக்கு ஒரே சமயத்தில் 64 அறிவிப்புகள்தாம் காத்திருக்கலாம் என்ற வரம்பு உண்டு. ஆனால் தினமும் திரும்ப வரும் நினைவூட்டல் ஒன்றாகவே கணக்கிடப்படும்.

பணம் வந்ததை வங்கியின் குறுஞ்செய்தியிலிருந்து தானாகப் படித்துக் கணக்கில் கழித்துவிடலாமே என்று அடுத்ததாக யாராவது கேட்பார்கள். ஐஓஎஸில் செயலிகளால் குறுஞ்செய்திப் பெட்டியைப் படிக்க முடியாது, அத்தோடு பேச்சு முடிந்தது. ஆண்ட்ராய்டில் தொழில்நுட்பம் இடம் கொடுக்கும். ஆனால் கூகுள் பிளேயின் விதிகள் 2019 முதல் இந்த அனுமதியைக் குறிப்பிட்ட வகைச் செயலிகளுக்கு மட்டுமே தருகின்றன.

வெளியிடும் செலவில் ஆண்ட்ராய்டு மலிவு: கூகுள் பிளேயில் வெளியிடுவதற்கான பிளே கன்சோலுக்கு ஒருமுறை 25 டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். ஆனால் 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் கணக்குத் தொடங்கியவர்கள், குறைந்தது 12 பேரைக்கொண்டு தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனை (அழைக்கப்பட்டவர்கள் மட்டும் பயன்படுத்திப் பார்ப்பது) நடத்தினால்தான் கூகுள் பிளேயில் பொதுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும்; முதலில் 20 பேர் என்றிருந்ததைப் பின்னர் குறைத்தார்கள். ஆப்பிளில் அப்படி ஆள் சேர்க்க வேண்டியதில்லை. மாறாக, மனிதர்கள் பார்க்கும் மதிப்பாய்வில், இது ஒரு செயலியாக இருக்கத் தகுமா என்ற கேள்வியே எழக்கூடும். கூகுள் பிளேக்கு வெளியே, ஏபிகே என்ற நிறுவல் கோப்பாகக் கொடுத்து நிறுவிக்கொள்ளும் வழி ஆண்ட்ராய்டில் தொடக்கத்திலிருந்தே உண்டு. ஐபோனில் மாற்றுச் செயலிக் கடைகளுக்கு 2024 மார்ச்சில் முதன்முதலாக வழி திறந்தது, அதுவும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்குப் பணிந்து அங்கே மட்டும்.

இரண்டையும் ஒரே நிரலில் முடித்துவிடலாம் என்று சொல்லும் ஃப்ளட்டரும் ரியாக்ட் நேட்டிவும் இருக்கின்றன. கடன் நோட்டு போன்ற பட்டியலும் படிவமுமான செயலிக்கு ஃப்ளட்டர் தாராளமாகப் போதும். ஆனால் ஐபோனுக்கான இறுதிக் கோப்பைக் கட்ட அதற்கும் மேக் தேவை, சொந்தமாகவோ வாடகைக்கோ. நினைவூட்டலின் சிக்கல் கூடுதல் தொகுப்பு ஒன்றின் பின்னால் மறையுமே தவிர நீங்காது. ஃப்ளட்டரின் டார்ட் மொழியிலும் 'தமிழ்' 5தான்.

எழுதும் இன்பத்தைக் கேட்டால் என் ஓட்டு ஸ்விஃப்டுக்கே. மேக் ஏற்கெனவே கையில் இருந்து, பயன்படுத்தப்போகிறவர்களிடமும் ஐபோன் இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் நம் கடைத்தெருவில் கல்லாவுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியாதலால், இந்தச் செயலியை நான் கோட்லினிலேயே தொடங்குவேன். கூகுள் கேட்கும் அந்த 12 பேரையும் நண்பர்களிலிருந்து திரட்டாமல் அதே தெருவின் கடைக்காரர்களிலிருந்து சேர்ப்பேன். ஆளுக்கொரு நிறுவனத்தின் கைப்பேசி வைத்திருப்பார்கள். யாருடைய கைப்பேசியில் 8 மணிக்கு ஒலிக்கவில்லை, யாருடைய பட்டியலில் கனகா கமலாவுக்கு முன்னால் நிற்கிறார் என்பதெல்லாம் 14 நாள் முடிவதற்குள் என் காதுக்கு வந்துவிடும்.