கடை சாத்தும்போது கம்ப்ரஸர்: ஆனிலேயே விடுவதா, ஆஃப் செய்வதா, காற்றை இறக்குவதா?

டூ-வீலர் சர்வீஸ், பஞ்சர் கடை, கார்பென்டர் பட்டறை, டிங்கரிங் ஷெட் என்று எங்கே போனாலும் சுவரோரம் ஒரு பிஸ்டன் கம்ப்ரஸர் நிற்கும். ராத்திரி கடை சாத்தும்போது அதை எப்படி விட்டுப் போவது என்பதில் ஆளுக்கு ஒரு பழக்கம். சிலர் தொடுவதே இல்லை. அழுத்தம் குறைந்தால் மோட்டாரை ஓட்டி, நிரம்பினால் நிறுத்தும் பிரஷர் சுவிட்ச் பார்த்துக்கொள்ளும் என்று ஷட்டரை இறக்கிவிடுவார்கள். சிலர் மெயினை அணைத்துவிட்டுப் போவார்கள். சிலர் அதோடு டேங்க் வாயில் இருக்கும் பால் வால்வையும் மூடுவார்கள். இன்னும் சிலர் டேங்க் அடியில் தண்ணீர் இறக்க இருக்கும் டிரெய்ன் காக்கைத் திறந்து, அழுத்தம் காட்டும் கேஜ் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருப்பார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆள் இல்லாத இடத்தில் கம்ப்ரஸருக்கு கரண்ட் இருக்கக் கூடாது. அதே சமயம், தினமும் டேங்கை முழுசாகக் காலி செய்தே தீர வேண்டும் என்பதும் இல்லை.

கணக்குக்கு ஒரு மெஷினை எடுத்துக்கொள்வோம். 3 எச்பி மோட்டார், 220 லிட்டர் டேங்க், அழுத்தம் 6 பாருக்கு இறங்கினால் மோட்டார் எடுத்து 8 பாரில் நிற்கும் செட்டிங். பிஎஸ்ஐ கணக்கில் இது 87-ம் 116-ம். நிமிடத்துக்கு 220 லிட்டர் வெளிக்காற்றை இழுத்து டேங்குக்குள் தள்ளுகிறது. மோட்டார் இழப்பையும் சேர்த்தால் ஓடும் ஒரு மணி நேரத்துக்கு இரண்டரை யூனிட் ஆகும்.

ஆனிலேயே விட்டால்

ஆனில் விடுபவர்கள் சொல்லும் காரணம் ஒன்றும் அபத்தமில்லை. "அண்ணே, ஆஃப் பண்ணிட்டா காலையில டேங்க் நிரம்புற வரைக்கும் வண்டிக்காரன் நிக்கணும்" என்பார் மெக்கானிக். டேங்க் நிரம்பியதும் மோட்டார் தானே நின்றுவிடுகிறது, நிற்கிற மோட்டார் கரண்ட் எடுக்காது, அப்புறம் என்ன என்பது அவர் கேள்வி. எந்த லைனிலும் துளி லீக் இல்லை என்றால் அவர் சொல்வது சரி.

ஆனால் லீக் இல்லாத பட்டறை அபூர்வம். குயிக் கப்ளிங்கின் உள்ளே இருக்கும் ரப்பர் ரிங் தேய்ந்திருக்கும். காற்றை வடிகட்டி, அழுத்தத்தைச் சீராக்கி, ஆயில் சேர்க்கும் எஃப்ஆர்எல் யூனிட்டின் கிண்ணம் சரியாக உட்காராமல் இருக்கும். ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கும். பகலில் கிரைண்டர் சத்தத்திலும் வண்டி சத்தத்திலும் எதுவும் கேட்காது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் சும்மா நின்று பார்த்தால் எங்கோ ஒரு மூலையில் 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம் வரும்.

இந்த எல்லா லீக்கும் சேர்ந்து அரை மில்லிமீட்டர் ஓட்டை அளவுதான் என்று வைத்துக்கொள்வோம். 7 பார் அழுத்தத்தில் அதன் வழியே நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 லிட்டர் காற்று போகும். டேங்க் 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்குவது என்றால் 440 லிட்டர் காற்று வெளியே போயிருக்கிறது. அதற்கு 22 நிமிடம். உடனே மோட்டார் எடுக்கும், இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும், நிற்கும். ஆக 24 நிமிடத்துக்கு ஒரு ஸ்டார்ட். ராத்திரி 8 மணிக்குச் சாத்தி காலை 8-க்குத் திறந்தால் 30 முறை. செலவு 2.7 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று போட்டால் ஒரு ராத்திரிக்கு 27 ரூபாய், மாதத்துக்கு 800 ரூபாய்க்கு மேல். யாருக்கும் ஒரு டயருக்குக்கூட காற்று அடிக்காமல் போகும் பணம் இது. ஓட்டை ஒரு மில்லிமீட்டர் ஆனால் கசிவு இரட்டிப்பாகாது, நான்கு மடங்காகும். நிமிடத்துக்கு 70 லிட்டரைத் தாண்டும். கம்ப்ரஸர் தள்ளும் காற்றில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே சரியாகிவிடும்.

"அடிக்கடி ஆன் ஆஃப் பண்ணினா மோட்டார் போயிடும்" என்பதும் இங்கேதான் அடிபட்டுப்போகிறது. ஆஃப் செய்துவிட்டுப் போனால் காலையில் ஒரே ஒரு ஸ்டார்ட். மெஷினைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று ஆனில் விட்டால் 30 ஸ்டார்ட். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் மோட்டார் ஓடும் கரண்டைப்போலப் பல மடங்கு இழுக்கிறது. பிரஷர் சுவிட்சின் பாயிண்டுகளில் பொறி பறக்கிறது.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறு. ராத்திரி 11 மணிக்கு ஒரு பழைய பியூ (பாலியூரித்தேன்) ஹோஸ் வெடிக்கிறது, அல்லது கப்ளிங்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறது என்று வையுங்கள். டேங்க் இனி 8 பாரை எட்டவே எட்டாது. பிரஷர் சுவிட்ச் 8 பார் வந்தால்தான் நிறுத்தும். ஆகவே விடியும்வரை மோட்டார் நிற்காது. சிறிய பிஸ்டன் கம்ப்ரஸர் ஓடி, ஆறி, மறுபடி ஓடுவதற்காகச் செய்தது. நிற்காமல் ஓடினால் ஹெட் கொதிக்கும், ஆயில் கருகி வால்வு பிளேட்டில் கார்பனாகப் படியும், மோட்டார் வைண்டிங் சூடேறும். அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் மோட்டாரை அணைக்கும் ஓவர்லோடு ரிலே காப்பாற்ற வேண்டும். ஆனால் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று ரிலேயின் செட்டிங்கை ஏற்றிவைத்திருக்கும் ஸ்டார்ட்டர்கள் பட்டறைகளில் ஏராளம். பக்கத்திலேயே தின்னரும் வேஸ்ட் துணியும் மரத்தூளும் கிடக்கும் இடத்தில் இப்படி ஒரு மோட்டார் தனியாக ஓடிக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள்.

கரண்ட் போய் வருவது அடுத்த ஆபத்து. ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், பிரஷர் சுவிட்ச் இன்னும் ஆன் நிலையில்தான் இருக்கும். மோட்டார் முறைப்படி நின்றால் அன்லோடர் என்ற சின்ன வால்வு திறந்து, ஹெட்டுக்கும், டேங்க் காற்று திரும்பி வராமல் தடுக்கும் என்ஆர்வி வால்வுக்கும் நடுவே மாட்டியிருக்கும் காற்றை வெளியே விட்டுவிடும். இப்போது அது நடக்கவில்லை. கரண்ட் திரும்பியதும் அந்த அழுத்தத்தை எதிர்த்து மோட்டார் எடுக்க வேண்டும். வோல்டேஜும் குறைவாக இருந்தால் சிங்கிள் ஃபேஸ் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும். மூன்று ஃபேஸில் ஒன்று மட்டும் வராமல் போனாலும் இதே கதை. பகலில் என்றால் அந்த உறுமலைக் கேட்டு யாராவது ஓடிவந்து அணைப்பார்கள்.

மெயினை மட்டும் அணைத்தால்

ஆனில் விடுவதைவிட இது எவ்வளவோ மேல். காரணம் எளிது: இழப்புக்கு ஓர் எல்லை வந்துவிடுகிறது. லீக் எவ்வளவு இருந்தாலும் போகப்போவது டேங்கில் இருக்கும் காற்று மட்டுமே. பூஜ்யத்திலிருந்து 8 பாருக்கு மறுபடி ஏற்ற எட்டு நிமிடம், மூன்றில் ஒரு பங்கு யூனிட், அதாவது மூன்று ரூபாய்ச் சில்லறை. ஆனில் விட்ட ராத்திரியின் 27 ரூபாயோடு வைத்துப் பாருங்கள். வண்டிக்காரர் நிற்க வேண்டிய அந்த எட்டு நிமிடமும், கடை திறந்ததும் முதல் வேலையாகச் சுவிட்சைப் போட்டால் பெருக்கித் தண்ணீர் தெளிப்பதற்குள் முடிந்துவிடும்.

அணைக்கும் முறையில் ஒரு விஷயம் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குவதும் மெயினை இறக்குவதும் கரண்ட் போவதற்குச் சமம். ஹெட்டில் காற்று மாட்டிக்கொள்ளும். முதலில் பிரஷர் சுவிட்சின் மேலே இருக்கும் குமிழை ஆஃபுக்குக் கொண்டுவர வேண்டும். சட்டென்று 'டஸ்' என்று ஒரு சத்தம் வந்து அடங்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகு மெயின். ஸ்டார்ட்டர் இருந்தால் நடுவில் அதன் சிவப்புப் பட்டன்.

பால் வால்வையும் மூடினால்

நான் பரிந்துரைப்பது இதைத்தான். டேங்கிலிருந்து லைனுக்குப் போகும் வாயில் ஒரு பால் வால்வு; அதன் கைப்பிடியைக் கால் திருப்பு திருப்பினால் லைனில் உள்ள எல்லா லீக்கும் டேங்கிலிருந்து துண்டிக்கப்படும். டேங்க் பக்கம் இறுக்கமாக இருந்தால் காலையிலும் முள் ஏறக்குறைய விட்ட இடத்திலேயே இருக்கும். வந்தவுடன் வேலை தொடங்கலாம். மெக்கானிக் ஆனில் விடுவதற்குச் சொன்ன காரணத்தை ஆஃபிலேயே இது நிறைவேற்றிவிடுகிறது. வால்வு இல்லாத டேங்க் என்றால் சில நூறு ரூபாயில் போட்டுவிடலாம். டேங்கின் பிரஷருக்குத் தாங்கும் உலோக வால்வாக இருக்க வேண்டும், பிளம்பிங் பிவிசி வால்வு ஒருபோதும் கூடாது.

டேங்கில் ராத்திரி முழுக்க அழுத்தம் நின்றால் இரும்பு களைத்துப்போகும் என்று சிலர் பயப்படுகிறார்கள். நல்ல டேங்க் அதற்காகவே கட்டப்பட்டது. அசையாமல் நிற்கும் 8 பார் அதைக் கெடுக்காது. கெடுப்பது அடியில் தேங்கும் தண்ணீர்.

முழுசாகக் காலி செய்தால்

தண்ணீர் எவ்வளவு சேரும் என்று பெரும்பாலானோர் நினைத்துப் பார்ப்பதில்லை. 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்றால், சென்னையில் மழைக்காலத்தில் சர்வசாதாரணம், ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. அதை 7 பாருக்கு அழுத்தி ஆறவிட்டால் 4 கிராம்தான் ஆவியாக நிற்க முடியும். மீதி 20 கிராம் தண்ணீராக இறங்கும். நம் மெஷின் ஒரு நாளில் எல்லாம் சேர்த்து 3 மணி நேரம் ஓடினால் 40 கன மீட்டர் காற்று. அதாவது முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர். கொஞ்சம் லைனோடு போய் ஸ்ப்ரே கன்னில் துப்பி பெயின்டைக் கெடுக்கும். மீதி டேங்க் அடியில் ஆயிலோடு கலந்து காபி நிறத்தில் கிடக்கும். வருடக்கணக்கில் இறக்காமல் விட்ட டேங்க்கின் அடித்தகடு உள்ளிருந்தே அரித்து மெலிகிறது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருப்பதால் ஒன்றும் தெரியாது. டேங்க் கிழிவது இப்படித்தான்.

ஆகவே தண்ணீரைத் தினமும் இறக்க வேண்டும். இதில் மாற்றுக் கருத்து இல்லை. தண்ணீரை இறக்குவதும் காற்றை முழுசாகக் காலி செய்வதும் ஒன்றல்ல என்பதுதான் என் வாதம். ராத்திரி டேங்க் ஆறும்போதுதான் மிச்ச ஈரமும் கீழே இறங்குகிறது. அதனால் அழுத்தத்தை வைத்துக்கொண்டே பூட்டிப் போய், காலையில் சுவிட்ச் போடும் முன் டிரெய்ன் காக்கைக் கொஞ்சமாகத் திறந்தால், உள்ளே இருக்கும் காற்றே தண்ணீரை முழுக்கத் தள்ளிவிடும். முதலில் பழுப்புத் தண்ணீர், அப்புறம் தண்ணீரும் காற்றும் கலந்து சீறல், கடைசியில் உலர்ந்த காற்று. உலர்ந்ததும் மூடிவிடலாம். காக்கை ஒரேயடியாகத் திறக்க வேண்டாம். முகத்தைக் கீழே கொண்டுபோகவும் வேண்டாம். சாயங்காலம்தான் கை ஒழியும் என்றால் அப்போதே செய்யுங்கள். செய்யாமல் விடுவதைவிட அது நூறு மடங்கு நல்லது.

முழுக்காலி தேவைப்படும் நேரங்கள் உண்டு. தீபாவளி, பொங்கல் என்று நாலைந்து நாள் பூட்டும்போது. மெஷினை வண்டியில் ஏற்றும்போது. ஆயுத பூஜைக்குத் துடைத்துப் பொட்டு வைக்கும்போது. அப்புறம், வாங்கி எத்தனை வருடம் என்றே தெரியாத பழைய டேங்க்கில் தினமும். அந்த மாதிரி டேங்க்கை அடித்தகட்டின் கனம் பார்த்து, தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட் செய்யும்வரை நம்பி அழுத்தத்தோடு விட்டுப்போக நான் சொல்ல மாட்டேன். அடியில் பொட்டுக் கசிவு தெரிந்தால் வெல்டு வைத்து ஓட்டப் பார்ப்பது மிகப் பெரிய ஆபத்து. டேங்க்கையே மாற்ற வேண்டும்.

பகலில் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். வேலைக்கு வேலை நடுவே, டீ குடிக்கும் நேரத்தில், ஆள் அங்கே இருக்கும்வரை ஆனிலேயே இருக்கட்டும். அதற்குத்தான் பிரஷர் சுவிட்ச். மதியம் எல்லோரும் வெளியே போவதாக இருந்தால் குமிழை ஒரு திருப்பு. பிஸ்டனுக்குப் பதில் திருகு உருளைகள் சுழன்று காற்றை அழுத்தும் ஸ்க்ரூ கம்ப்ரஸர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் பகலிலும் இது பொருந்தாது: அது லோடு இல்லாமல் சும்மா சுற்றும்போதே முழு லோடில் எடுப்பதில் கால் பங்கு முதல் 40 சதவீதம்வரை இழுக்கும். வேலை இல்லாவிட்டால் குறிப்பிட்ட நேரத்தில் தானே நிற்கும்படி கன்ட்ரோலரில் செட் செய்துவைக்க வேண்டும்.

உங்கள் மெஷின் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க இரண்டு ராத்திரி போதும். முதல் ராத்திரி 8 பார் ஏற்றி, ஆஃப் செய்து, பால் வால்வைத் திறந்தே வையுங்கள். டேங்க் கொஞ்சம் ஆறியதும் முள் எங்கே நிற்கிறது என்று சாக்பீஸால் சுவரில் எழுதுங்கள். சூடு ஆறும்போது முள் கொஞ்சம் இறங்குவது லீக் இல்லை. அங்கிருந்து 2 பார் இறங்க எவ்வளவு நேரம் என்று பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் இறங்கினால் லைனில் வேலை இருக்கிறது. மறுநாள் அதே சோதனை, பால் வால்வை மூடி. இப்போது முள் அசையாமல் நின்றால் குற்றம் முழுக்க லைனில். சோப்பு நுரையை பிரஷால் ஒவ்வொரு கப்ளிங்கிலும் தடவினால் குமிழி வரும் இடம் தெரிந்துவிடும், பெரும்பாலும் டெஃப்லான் டேப்பும் புது ரப்பர் ரிங்கும் போதும். மூடியும் இறங்குகிறது என்றால் டிரெய்ன் காக், சேஃப்டி வால்வு, கேஜ் அடி என்று டேங்க் பக்கமாகவே தேடுங்கள். மோட்டார் நின்று வெகுநேரம் ஆகியும் பிரஷர் சுவிட்ச் அடியிலிருந்து காற்று விடாமல் வந்துகொண்டிருந்தால் சுவிட்சை மாற்ற வேண்டாம்: என்ஆர்வி சீட்டில் கார்பன் ஒட்டியிருக்கும். டேங்க்கை முழுசாகக் காலி செய்துவிட்டு அதைக் கழற்றித் துடைத்தாலோ, உள்ளே இருக்கும் சீலை மாற்றினாலோ சரியாகிவிடும்.